மறுக்கா அமுக்கு, கண்ணு

வா கண்ணு, இப்படி உட்காரு. பரிட்சைக்குன்னு லேப்டாப்புல போட்டு வெச்சிருக்கற கேள்விக் கார்டுக்கெல்லாம் கலர் அடிச்சு முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்குதா? நேத்துப் பார்த்தப்போ தமிழுக்குப் பச்சை, வரலாத்துக்கு மஞ்சள், அரசியலமைப்புக்கு நீலம்னு வெச்சிருந்த. எழுத்தையும் கொழுகொழுன்னு மாத்தியிருந்த. ரொம்ப லட்சணமா இருந்துச்சு. குரூப் 4 பரிட்சை வெக்கறவங்க உன்ற லேப்டாப்பை வாங்கிப் பார்த்து மார்க் போடறதா இருந்தா 300-க்கு 300 உனக்குத்தான். அப்படியொரு வழக்கம் இல்லாமப் போச்சே, அதுதான் எனக்கு வருத்தம்.

கோவிச்சுக்காத. நான் சொசைட்டில பேரேடு எழுதிக் காலத்தை ஓட்டுனவன். எனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? குத்தம் சொல்றதுக்கு வரல, சந்தேகம் கேட்கத்தான் வந்தேன். பெரியவங்க சந்தேகம் கேட்டா சின்னவங்க சொல்லித்தரோணுமில்ல?

அந்த ஆறாயிரத்துச் சொச்சம் கார்டைப் பத்தித்தான் மொதல்ல கேட்கோணும். உன்ற கூட்டாளிப் புள்ளை பென்டிரைவுல கொண்டாந்து குடுத்துச்சே, அதை உள்ள ஏத்துன அன்னைக்கு நீ நடந்த நடை இருக்குதே! பாதி வேலை கைக்கு வந்துட்ட நடை. உங்கம்மாகூட அதை நம்பிப் பொழுதோட பாயசம் வெச்சா. நான் அந்தக் கட்டைச் சித்த நேரம் புரட்டிப் பார்த்தேன். தமிழ்நாட்டுல மொத்தம் எத்தனை மாவட்டம்னு ஒரு கார்டு. திருப்புனா 32-ன்னு இருக்குது. 2019-லயே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சைப் பிரிச்சுப்போட்டாங்க. 2020-ல மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆச்சு. யாரோ ஒரு புண்ணியவான் அதுக்கு முந்தியே தட்டி வெச்ச கார்டு இது. நீ அந்த 32-ஐ மறந்துடக் கூடாதுன்னு உன்ற ஆங்கி மெஷின் நாளைக் குறிச்சு, நேரம் பார்த்து, விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கும். எது செரி, எது தப்புன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீ குடுத்ததை உன்ற தலைக்குள்ள இறக்கறது மட்டுந்தான் அதுக்குச் சோலி. தப்பைக்கூட இத்தனை சுத்தமா மனப்பாடம் பண்ணிக்குடுக்கற யோக்கியன் வேற எங்க கிடைப்பான், சொல்லு.

நீயா எழுதுன கார்டு எத்தனைன்னு கேட்டா மட்டும் உனக்கு மூக்குமேல கோவம் வருது. தமிழ்ல தட்டறதுக்கு நேரமாகுதுன்னு சொல்ற. ஆகட்டுமே. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்ப் புத்தகம் உன்ற முன்னால கிடக்குது. அதுல ஒரு பத்தியைப் படிச்சு, இதுல கேட்கறதுக்கு என்ன இருக்குதுன்னு யோசிச்சு, அதை ஒரு வரிக் கேள்வியா மாத்தி, விடையை ஒரு சொல்லுல தட்டறயே, அந்த யோசனையிலதான் பாதிப் படிப்பு நடக்குது. அதை அடுத்தவங்க பண்ணிக் குடுத்துட்டா படிச்சது அவங்க. நீ பென்டிரைவைச் சுமந்த.

செரி, நீயே எழுதுன கார்டுக்கு வருவோம். ஒண்ணைப் பார்த்தேன். முன்பக்கம் "எட்டுத்தொகை – குறிப்பு வரைக"ன்னு இருக்குது. பின்பக்கம் புத்தகத்துல இருந்த ரெண்டு பக்கமும் அப்படியே குந்தியிருக்குது. சித்த நேரம் நான் சுருட்டிச் சுருட்டி இறக்கறேன், முடியவே மாட்டேங்குது. எட்டு நூல்ல உனக்கு அஞ்சு ஞாபகத்துக்கு வந்து மூணு வரலைன்னு வெச்சுக்க, எந்தப் பட்டனை அமுக்குவ? பாதி தெரியும்னு அமுக்கறதுக்கு அதுல பட்டன் இல்லையே. அப்பறம் நீயே ஒரு பஞ்சாயத்து வெச்சு, பரவால்லைன்னு தீர்ப்புச் சொல்லி, தெரிஞ்ச பக்கமே தள்ளிவுட்டுக்குவ. அந்த அஞ்சு நூலும் ஒவ்வொரு தடவையும் பவுசா வந்துட்டுப் போகும். அந்த மூணு கடைசி வரைக்கும் வராது. பரிட்சைல கேட்கறது அந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். அது எப்படித்தான் அவங்களுக்குத் தெரியுதோ!

போலந்துல பியோத்தர் வோஸ்னியாக்குன்னு ஒரு மனுசன். இந்த மறதிக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவரே அவருதான், அவரைப் பத்தி அப்பறமாச் சொல்றேன். கார்டு எழுதறது எப்படின்னு 1999-ல அவரு இருபது விதி எழுதி வெச்சிருக்காரு. புரியாததை மனப்பாடம் பண்ணாதேங்கறது அதுல மொத விதி. ஒரு கார்டுல ஒரே ஒரு சங்கதி இருக்கோணும்னு இன்னொண்ணு. பட்டியலை மொத்தமா ஒரே கார்டுல அடைக்காதேன்னு வேற ஒண்ணு. எட்டுத்தொகைக் கார்டு ஒண்ணை வெச்சே நீ மூணு விதியையும் ஒட்டுக்கா மீறியிருக்கற. அதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும், நான் இல்லைன்னு சொல்லல.

அதை எப்படி உடைக்கறதுன்னு கேளு. சேர அரசர்களை மட்டும் பாடற எட்டுத்தொகை நூல் எது? பதிற்றுப்பத்து. அவ்வளவுதான், ஒரு கார்டு முடிஞ்சுது. குறுந்தொகைப் பாட்டுக்கு எத்தனை அடி? 4 முதல் 8. நற்றிணைக்கு? 9 முதல் 12. அகநானூறுக்கு 13 முதல் 31. ஐங்குறுநூறுக்கு 3 முதல் 6. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கார்டு போடு. இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு ஓரியாட்டம் பண்ணும், அதையும் இப்பவே சொல்லிப்போடறேன். நற்றிணையைக் கேட்டா குறுந்தொகை வந்து வாய்ல நிக்கும். அப்படிக் குழம்பறது எதுன்னு தெரிஞ்சா, அதுக்குன்னே இன்னொரு கார்டு எழுது: "8 அடில முடியறது எது, 9 அடில தொடங்கறது எது?" சண்டை போடற ரெண்டையும் எதிரெதிரா நிக்க வெச்சுக் கேட்டுப்போட்டா தகராறு அங்கயே தீர்ந்துபோகும். "அடிப்படை உரிமைகள் யாவை?"ன்னு ஒரு கார்டு வெச்சிருக்கற பாரு, அதையும் இப்படித்தான் உடைக்கோணும். தீண்டாமை ஒழிப்பு எந்த விதி? 17. கல்வி உரிமையைச் சொல்ற 21ஏ எந்தத் திருத்தத்துல வந்துச்சு? 86-வது திருத்தம், 2002.

இப்ப நீ படிக்கற அழகுக்கு வர்றேன். நேத்துப் பொழுதோட உன்ற பின்னால நின்னு பார்த்தேன். கேள்வி வருது. படிச்சு முடிக்கறதுக்குள்ள உன்ற விரல் கீபோர்டுல அந்த நீளக்கட்டையை அமுக்கிருது. விடை தெரியுது. "ஆ, இதுதான், எனக்குத் தெரியுமே"ன்னு நீயே உனக்குச் சொல்லிக்கற. அப்பறம் "சுலபம்"னு ஒரு தட்டு. அடுத்த கார்டு. இத்தனை வேகத்தைப் பார்த்துப்போட்டு உங்க பாட்டி கலெக்டருக்கே படிக்கறான்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்துட்டா.

விடையைப் பார்த்ததுக்கு அப்பறம் தெரியாத ஆளு உலகத்துல யாரு கண்ணு? என்னைக் கூப்பிட்டு விடையைக் காட்டு, எனக்கும் எல்லாம் தெரியும். பார்க்கறதுக்கு முந்தி வாய்ல வந்துச்சா இல்லையாங்கறதுதான் கணக்கு. அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு 2006-ல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. காலேஜ் பசங்களுக்கு ஒரு பத்தியைக் குடுத்தாங்க. ஒரு கூட்டம் அதையே நாலு தடவை படிச்சுது. இன்னொரு கூட்டம் ஒருக்காப் படிச்சுப்போட்டு, மீதி மூணு தடவையும் பார்க்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டாங்க. நாலு தடவை படிச்சவங்க 100-க்கு 83 சொன்னாங்க. எழுதிப் பார்த்தவங்க 71. மறுக்கா மறுக்காப் படிச்சவங்கதான் கெட்டிக்காரங்கன்னு தோணுதில்ல? ஒரு வாரம் கழிச்சுக் கேட்டாங்க. படிச்சவங்க 40, எழுதிப் பார்த்தவங்க 61. பரிட்சை உன்ற அஞ்சாவது நிமிசத்துல வருதா, மாசக்கணக்குல தள்ளி வருதான்னு நீயே சொல்லு.

அதனால ஒண்ணு பண்ணு. கேள்வி வந்ததும் நீளக்கட்டை மேல இருக்கற கையை எடுத்து மடியில வெச்சுக்க. விடையை வாயைத் திறந்து சத்தமாச் சொல்லு. வரலைன்னா சித்த நேரம் முட்டிப் பாரு. முட்டற அந்த நேரம் வீணாகறதில்ல. அப்பறம் கட்டையை அமுக்கு. வாய்ல சொன்னது ஒண்ணு, திரைல இருக்கறது ஒண்ணுன்னா நாலு பட்டன்ல மொதப் பட்டன், மறுக்கா. அதை அமுக்கறதுக்கு உனக்கு ஏன் அத்தனை கூச்சம்? சுலபம்னு அமுக்குனா மெஷின் உன்னை மெச்சிக்கும்னு நினைக்கறயா? அது ஒண்ணுமே சொல்லாது. பொட்டாட்ட அந்தக் கார்டை எடுத்து நாலு மாசம் தள்ளி வெச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போயிரும். நீ சொன்ன பொய்யை அத்தனை மரியாதையா நம்பற ஆளு இந்த வீட்டுல அது ஒண்ணுதான். உங்கம்மாகூட இப்பெல்லாம் நம்பறதில்ல.

நாள் எப்படித் தள்ளுதுன்னு கேட்டயில்ல, சொல்றேன். நம்ம வீதிக்குத் தண்டல்காரர் வருவாரே, அவரை வெச்சே புரிஞ்சுக்கலாம். இந்தப் புரோகிராமும் ஒரு தண்டல்காரர்தான். குணம் மட்டும் தலைகீழ். நீ ஒழுங்காக் கட்டக் கட்ட இவரு வர்றதைக் குறைச்சுக்குவாரு. இன்னைக்குச் செரியாச் சொன்னா நாளைக்கு வருவாரு. நாளைக்கும் சொன்னா மூணு நாள் கழிச்சு. அப்பறம் ஒரு வாரம். அப்பறம் பதினேழு, பதினெட்டு நாள். அப்பறம் ஒண்ணரை மாசம். தடவைக்கு ரெண்டரை மடங்குன்னு பழைய கணக்கு. ஒரு தவணை தவறுனயோ, பத்து நிமிசம் கழிச்சு வாசல்ல நிப்பாரு, மறுநாளும் வந்து நிப்பாரு. முதல்ல இருந்து ஆரம்பம். நம்ம தண்டல்காரருக்குக் கட்டாதவங்க மேலதான் கண்ணு, கட்டறவங்களையும் வாரம் தவறாமப் பார்ப்பாரு. இவருக்குக் கட்டறவங்க மூஞ்சியைப் பார்க்கறதே பிடிக்காது. அமைப்புல ஒண்ணும் மாத்தாம வுட்டா இவரு குடுக்கற அதிகபட்சத் தவணை 36,500 நாள். நூறு வருசம்! என்ற வயசுக்காரனுக்கு நூறு வருசம் தவணை குடுக்கற மகராசனை நான் வேற எந்த பேங்குலயும் பார்க்கல.

இந்தக் கணக்கு ஒருத்தரு மண்டைல ஒரே ராத்திரில உதிச்சதில்ல. ஜெர்மனில ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒருத்தரு. அர்த்தமே இல்லாத அசைகளை எழுதி வெச்சுக்கிட்டு, தனக்குத்தானே மனப்பாடம் பண்ணி, எத்தனை நேரத்துல எத்தனை மறக்குதுன்னு கணக்கு எடுத்தாரு. வேற ஆளே கிடையாது, சோதிச்சவரும் அவரே, சோதனைல மாட்டுனவரும் அவரே. 1885-ல அதைப் புத்தகமாப் போட்டாரு. ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல காணோம், ஒரு நாள் கழிச்சு மூணுல ஒரு பங்குதான் மிச்சம்னு அவரு கணக்கு சொல்லுது. நீ கிளாஸ்ல இருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள எத்தனை போயிருக்கும்னு பாரு. அப்பறம் 1972-ல செபாஸ்டியன் லைட்னர்னு ஒரு பத்திரிகைக்காரர், அட்டைக் கார்டுகளை ஒரு பொட்டில அறை அறையாப் பிரிச்சு வெக்கற வழியைச் சொன்னாரு. செரியாச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பாச் சொன்னது மொத அறைக்கே திரும்பி வரும். பின்னால இருக்கற அறையை எப்பவாவதுதான் திறக்கோணும். கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், செருப்பு வாங்குன அட்டைப்பொட்டி போதும். லேப்டாப்பு இல்லாத புள்ளைங்க இன்னைக்கும் அப்படிப் படிக்கலாம்.

வோஸ்னியாக்கைப் பத்திச் சொல்றேன்னேனே, அவரு காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்தப்போ இங்கிலீஷ் வார்த்தையும் உயிர்வேதியியலும் மண்டைல நிக்காம, 1985-ல காகிதத்துல நாள் கணக்குப் போட ஆரம்பிச்சவரு. 1987-ல அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாரு. நீ வெச்சிருக்கற ஆங்கி, டேமியன் எல்ம்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் ஜப்பான் பாஷை படிக்கறதுக்காக எழுதி 2006-ல வெளிய வுட்டது. ஆரம்பத்துல வோஸ்னியாக் கணக்குலதான் ஓடுச்சு. 2023-ல இருந்து இன்னொரு கணக்கும் உள்ள வந்திருக்குது. அது உன்ற பழைய பதிலெல்லாம் பார்த்து, உன்ற மறதிக்குன்னே தனியா நாள் குறிக்குமாமா. கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டு போன்லயும் காசு இல்லாமப் போட்டுக்கலாம், ஐபோனுக்கு மட்டும் காசு. சும்மா கிடைக்கறதாலதான் உனக்கு அதன்மேல மரியாதை இல்லையோ என்னவோ. மாசம் ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தா தினமும் தொறந்திருப்ப.

எங்கப்பாரு படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடத்துலயே இதன் சாயல் இருந்திருக்குது. பொழுதோட புள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பூ, ஒரு பட்சி, ஒரு ஊர்னு பேரு சொல்லி அனுப்புவாராமா. காத்தால வந்ததும் மொத வேலையா அதைக் கேட்பாராமா. ராத்திரி ஒரு தூக்கம் தாண்டி நிக்குதான்னு பார்க்கறதுதான் நோக்கம். சொல்லலைன்னா பிரம்பு. அந்த வாத்தியாருக்கு "கஷ்டம்", "சுலபம்"னு நாலு பட்டனெல்லாம் கிடையாது, ஒரே பட்டன்தான், அதுவும் முதுகுல.

அப்பறம், நோம்பிக்கு ஊருக்குப் போனயே, அந்தக் கதை. போகும்போது லேப்டாப்பைத் துணி சுத்திப் பீரோல வெச்சுப் பூட்டுன. கார்டெல்லாம் உள்ள தூங்கும்னு நினைச்சயாக்கும். திரும்பி வந்து தொறந்தா எழுநூத்துச் சொச்சம் வாசல்ல நிக்குது. அன்னைக்கு நீ எடுத்த முடிவு இருக்குதே, அதைச் சொல்லாம வுட முடியாது. அத்தனையும் அழிச்சுப்போட்டு, "புதுசா, ஒழுங்கா" ஆரம்பிக்கறேன்னு புதுக் கட்டு போட்ட. மறுபடியும் கலர். கடனை வெச்சிருந்த பேரேட்டையே கொளுத்திப்போட்டுக் கடன் தீர்ந்துச்சுன்னு சொன்னா சொசைட்டில எங்களை உள்ள தள்ளியிருப்பாங்க.

இருபது கணக்கைக் கேளு. அந்தப் புரோகிராம் தன்னால வெச்சிருக்கற அளவு, ஒரு நாளைக்குப் புதுக் கார்டு 20. நீ அதை 100-க்கு ஏத்தி வெச்ச. ஏன்னு கேட்டா பரிட்சை கிட்ட வந்துருச்சுங்கற. இருபது வெச்சாலே, ரெண்டு மாசத்துல பழசு மட்டும் தினமும் நூறு, நூத்தம்பதுன்னு வந்து நிக்கும். நூறு வெச்சா அஞ்சு மடங்கு. பகல் பூரா உட்கார்ந்தாலும் தீராது. மொத மூணு நாள் மட்டும் ஒரே குஷியா இருக்கும், ஏன்னா பழசே இல்லையே. நாலாம் வாரம் மூச்சு முட்டும். அப்ப ஒரு நோம்பி வரும், போதாக்குறைக்கு ஒரு கண்ணாலம் வரும்.

மறுக்கா அப்படி மலையாக் குவிஞ்சா அழிக்காத. புதுக் கார்டுன்னு இருக்கற எடத்துல 20-ஐ எடுத்துப்போட்டுச் சைபர் போடு. பழசை மட்டும் தினம் எத்தனை முடியுமோ அத்தனை தள்ளு. காத்தால கொஞ்சம், பொழுதோட கொஞ்சம். நிறையத்தை மறந்துதான் இருப்ப, கூச்சப்படாம மறுக்கான்னு அமுக்கிக்கிட்டே போ. நாள் தாண்டியும் நீ செரியாச் சொல்றது சிலது இருக்கும் பாரு, அதெல்லாம் நல்லா ஊறிருச்சுன்னு அர்த்தம், மெஷின் அதைத் தூரமா அனுப்பிப்போடும். கொஞ்ச நாள்ல வாசல் காலியாகும். அப்பறம் சைபரைப் பத்து ஆக்கு.

என்ன அப்படிப் பார்க்கற? இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? நீ தினமும் மத்தியானம் கிளாஸுக்குப் போயிருவயில்ல. சர்க்கார் உங்கண்ணனுக்குக் குடுத்த லேப்டாப்பு ஆசாரத்துல சும்மாதான கிடக்குது. போன தடவை அவன் வந்தப்போ, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா"ன்னேன். அதுலயே வேற பேருல தனிக் கணக்குத் தொறந்து குடுத்தான். ஒரே கணக்குல ரெண்டு பேரும் அமுக்கக் கூடாதாமா. நான் செரியாச் சொன்னதுக்கு உன்ற கார்டு ஆறு மாசம் தள்ளிப் போயிருமில்ல. என்ற ஞாபகத்துக்கு நீ பரிட்சை எழுத முடியுமா?

உன்ற கணக்குல நான் ஒரு பட்டனும் அமுக்கல, சத்தியமா. ஆனா புள்ளிவிவரம்னு ஒரு பக்கம் இருக்குது, அது யாரு தொறந்தாலும் தெரியும். எந்த நாள் படிச்ச, எத்தனை நிமிசம் படிச்ச, எத்தனை தடவை எந்தப் பட்டனை அமுக்குனன்னு கட்டம் கட்டமா வரைஞ்சு வெச்சிருக்குது. உன்ற பக்கத்துல சுலபம்ங்கற கட்டை கோபுர உசரத்துக்கு நிக்குது. மறுக்காங்கறது தரையோட தரையாப் படுத்திருக்குது. என்ற பக்கத்துல அப்படியே எதிர். என்னையும் உன்னையும் பார்த்து யாரு மறதிக்காரங்கன்னு கேட்டா மெஷின் என்னைத்தான் காட்டும். பரிட்சை ஹால்ல யாரைக் காட்டும்னுதான் எனக்குக் கவலை. வயசு வரம்பு மட்டும் இல்லைன்னா நானும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்திருப்பேன்.

எனக்கும் நிக்காதது இருக்குது. ஒரே கார்டை எட்டுத் தடவை மறந்தா, அதை அட்டைப்பூச்சின்னு முத்திரை குத்தி வெச்சுரும் அது. எனக்கு அரசியலமைப்பு அட்டவணையில ரெண்டு மூணு அப்படி ஆகிப்போச்சு. அதையே மறுக்கா மறுக்கா முட்டறதுல பிரயோசனமில்ல. கேள்வியை மாத்தி எழுதோணும், இல்லாட்டி அதன் கதை என்னன்னு புத்தகத்துல போய்ப் படிச்சு வரோணும். உனக்கு பவானிசாகர் அணை நிக்க மாட்டேங்குதே, அது மாதிரி. வேலை ஆரம்பிச்சது 1948, முடிச்சது 1955. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி நம்ம காட்டுக்கு வருது. அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த புள்ளைக்கு அது எந்த வருசம்னு தெரியல. 1955-ல நான் டவுசர் போட்ட பையன், தண்ணி வந்த அன்னைக்கு வாய்க்கால் கரையில ஓடுனவன். வெறும் நாலு எண்ணா வெச்சுப் பார்க்காத, என்ற வயசோட சேர்த்து வெச்சுக்க. அப்பறம் மறந்தாச் சொல்லு.

இன்னொண்ணையும் கேட்டுக்க. நீ கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குத்தான ஆசைப்படற? எங்க காலத்துல மணியகாரர், கர்ணம்னு அந்த வேலையெல்லாம் பரம்பரையா ஒரே குடும்பத்துல கிடந்துச்சு. அப்பன் போனா மகன். யாரும் படிக்க வேண்டாம், கார்டு போட வேண்டாம். பொறந்த வீடே பரிட்சை. 1980-ல எம்.ஜி.ஆர். சர்க்கார் அந்தப் பதவிகளை ஒழிச்சுது. அப்பறந்தான் பரிட்சை எழுதி யாரு வேணாலும் அந்த நாற்காலில உட்காரலாம்னு ஆச்சு. 2018-ல இருந்து அது குரூப் 4 பரிட்சையோடயே சேர்ந்துருச்சு. மணியகாரர் வீட்டுத் திண்ணையில எங்கப்பாரு துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னதை நான் பார்த்திருக்கறேன். உன்ற பேரு அந்த ஆபீஸ் பலகைல ஏறுனா பார்க்கறதுக்கு எனக்கும் கொஞ்சம் ஆசைதான். அதை வெளிய சொல்லிக்காத.

கார்டு ஒண்ணை மட்டும் நம்பிக் குந்திக்கறதும் ஆகாது. 200 கேள்வில 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழுக்கும் பொது அறிவுக்கும் கார்டு நல்லா உதவும். அந்த 25-க்கு உதவாது. தனிவட்டிக்குச் சூத்திரத்தை வேணா கார்டுல வெச்சுக்கலாம், கணக்கை நோட்டுல போட்டுப் போட்டுத்தான் பழகோணும். "இதன் விடை 48"னு ஒரு கார்டு வெச்சிருக்கறயே, பரிட்சைல அதே எண்ணை உனக்காக எடுத்து வெச்சுக் கேட்கப் போறாங்களா? இலக்கணமும் அப்படித்தான். வேற்றுமைத்தொகைன்னா என்னன்னு ஒரு வரி தெரிஞ்சா போதாது, புதுச் சொல்லைக் குடுத்தாலும் பிரிச்சுப் பார்க்கத் தெரியோணும். அதுக்குப் புத்தகம் வேணும், பழைய கேள்வித்தாள் வேணும். முடிஞ்சா சண்டை போடறதுக்கு ஒரு கூட்டாளியும் வேணும்.

இன்னொரு வேடிக்கை. விடைத்தாள்ல ஏ, பி, சி, டி தாண்டி அஞ்சாவதா ஒரு வட்டம் வெச்சிருக்காங்களே, "விடை தெரியவில்லை"ன்னு. தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்க சர்க்காரே எடம் ஒதுக்கியிருக்குது. அதுல உனக்கு நல்ல பழக்கம் வேணுமில்ல? வீட்டுலயே தினமும் பழகிக்கலாம், மறுக்காங்கற பட்டன்ல. இங்க அமுக்கக் கூச்சப்பட்டா அங்க நிரப்ப வேண்டி வரும்.

செரி, போதும், வாய் வலிக்குது. போனை உங்கம்மாகிட்டக் குடுத்துப்போட்டு வா, ஒரு கார்டு பார்க்கறதுக்குள்ள நாலு ரீலு பார்க்கற புத்தி உனக்கு. லேப்டாப்பை இப்படித் திருப்பு. பேட்டரி செத்துப் போனது, கரண்டு போறதுக்குள்ள முடிக்கோணும். ஒரு கார்டு நானே புதுசா எழுதி உன்ற கட்டுல வெச்சிருக்கறேன், அதுல இருந்து ஆரம்பி. கையை மடியில வை. "பரம்பரை மணியகாரர் பதவி ஒழிஞ்சது எந்த வருசம்?"

ஏன் என்ற மூஞ்சியைப் பார்க்கற? இப்பத்தான சொன்னேன்.

1969-ஆ? அது தமிழ்நாடுன்னு பேரு வெச்ச வருசம் சாமி.

ஒண்ணாம் நம்பரை அமுக்கு.